பதினேழு அடுப்புச் சாம்பல்

ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ராஜாக்கண்ணு வாழை இலைக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

கத்தரி தேவயானியுடையது. ரவிக்கைத் துணியைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாத கத்தரி. அவள் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் கத்தரி பெட்டிக்குள்ளும் ராஜாக்கண்ணு தெருவிலும் இருந்திருப்பார்கள். அவள் இல்லை. மாசி மாதம் ஓசூருக்குப் போனவள். மகள் அருணாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட, நாலாவது மாடியில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தினம் ஆறு மணிக்கு வீடியோவில் வருவாள். வந்ததும் "வாழை எப்படிக் கீது?" என்பாள். புருஷன் எப்படி இருக்கிறான் என்பது மூன்றாவது கேள்வியாகவோ நாலாவது கேள்வியாகவோ வரும். சில நாள் வராது.

வாழை நன்றாக இல்லை. கீழ் இலைகள் நாலும் நடுவில் பச்சையாகவும் ஓரத்தில் தீய்ந்த அப்பளமாகவும் இருந்தன. அந்த ஓரத்தைத்தான் ராஜாக்கண்ணு நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கி முடித்தபோது ஒவ்வொரு இலையும் பாதி அகலம்தான் மிஞ்சியது.

நெல்லிவாசல்நாட்டின் அந்த மலைச் சிற்றூரில் பதினெட்டு வீடுகள். செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது மூன்றே இடத்தில்தான்: அம்மன் கோயில் பாறை, தங்கவேலுவின் புளியமரத்துக் கிளை, ராஜாக்கண்ணு வீட்டுக் கொல்லையில் இந்த வாழையடி. வாழையை விட்டு நாலடி நகர்ந்தால் தேவயானியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அதனால் அவர் பொண்டாட்டியோடு பேச வேண்டுமானால் வாழைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பேச்சு முடிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பதை வேலிக்கு அந்தப் பக்கத்து சாந்தம்மாள் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

தேவயானி கிளம்பின அன்றைக்கு அவரையும்தான் கூப்பிட்டாள். காட்டை விளைச்சலில் பங்கு பேசி தங்கவேலுவிடம் வாரத்துக்கு விட்டாயிற்று, ஆடும் இல்லை, கோழியும் இல்லை, கூட வந்தால் என்ன என்றாள். நாலாவது மாடியில் நான் என்ன செய்வது, வாழையை யார் பார்த்துக்கொள்வது என்றார் ராஜாக்கண்ணு. ஒரு வாழையைக் காரணம் சொன்ன ஆம்பிளையை அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்போ உன் வாழை குலை தள்ளட்டும், நான் வந்துட்றேன், போ" என்று ஜீப்பில் ஏறிவிட்டாள்.

கோபத்தில் சொன்னதா, சத்தியமாகச் சொன்னதா என்று ஊரில் இரண்டு கட்சி. ராஜாக்கண்ணு சத்தியக் கட்சி. அன்றிலிருந்து அவருக்குக் காலண்டர், கடிகாரம் எல்லாம் அந்த வாழைதான். அது குலை தள்ளினால் அவள் வருவாள். தள்ளாவிட்டால்? அதை யோசிக்கும்போதெல்லாம் அவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

ஆறு மணிக்கு தேவயானி வந்தாள்.

"இன்னாய்யா, எலையெல்லாம் ஒல்லியாக் கீது?"

"புது மாதிரிக் கன்னு. அப்படித்தான் வருமாம்."

"கன்ன நட்டவ நானு. எனக்கே கதை சொல்றியா?"

மறுநாள் அவர் இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். சாந்தம்மாள் வீட்டு வாழை வேலியோரத்தில் கருகருவென்று நின்றது. போனைப் பிடித்த கையை வேலிக்கு மேலே நீட்டி, அந்த வாழையை ஓசூருக்குக் காட்டினார். தேவயானி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வாழைக்குப் பின்னால் கொடியில் சாந்தம்மாளின் மஞ்சள் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சேலையை சாந்தம்மாளுக்கு எடுத்துக் கொடுத்தவளே தேவயானிதான்.

பிடிபட்டதும் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஓரம் கருகுவது, கத்தரி, எல்லாம். திட்டு விழும் என்று காதைத் தயாராக வைத்திருந்தார். விழவில்லை. அவள் குழந்தையின் கிலுகிலுப்பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"ரொம்பக் காஞ்சிடுச்சா?" என்றாள் மெதுவாக.

"இல்ல இல்ல, காப்பாத்திடுவேன்."

"காயறது காயட்டும்யா. நீ இன்னாத்த துன்ன?"

இப்படி அவள் கேட்டு வருஷக்கணக்காகிறது. நக்கல் செய்கிறாள் என்று ராஜாக்கண்ணு முடிவு கட்டினார். வாழையை நான் காப்பாற்றுவேன் என்ற நம்பிக்கையே போய்விட்டது இவளுக்கு, நான் யாரென்று காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

மாதம் ஒரு முறை மலைக்கு வரும் வேளாண் அலுவலர் ஆனந்தன் அந்த வாரம் வந்தார். முப்பது வயதிருக்கும். ஓர் இலையைப் புரட்டிப் பார்த்ததுமே சாம்பல் சத்துக் குறைவு என்றார். பொட்டாசியம் என்று படித்தவர்கள் சொல்வது அதைத்தான்.

"இலைதான் ஐயா சமையல்கட்டு. வெயில வச்சு சோறு ஆக்குது. ஆக்கின சோத்தைத் தண்டுக்கும் வேருக்கும் குலைக்கும் கொண்டுபோய்ச் சேக்கணும்ல? அதுக்கு சாம்பல் சத்து வேணும். இலையில கண்ணுக்குத் தெரியாத வாய் லட்சம் இருக்கு. அதைத் தொறக்கறதும் மூடறதும்கூட அதுதான். உங்க வாழை சமைக்குது. பரிமாறத்தான் ஆள் இல்ல."

ராஜாக்கண்ணு தன் வீட்டுக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கீழ் எலை மட்டும் கருகுதே, சார்?"

"மண்ணுல சத்து கிடைக்கலன்னா பழைய இலை தன்கிட்ட இருக்கறத எடுத்து மேல கொழுந்துக்கு அனுப்பிடும். அனுப்பிட்டு அது ஓரத்துல இருந்து காயும்."

இதைக் கேட்டு ராஜாக்கண்ணுவுக்கு ஏனோ ஓசூர் ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் கருகாத வாழை இப்போது ஏன் கருகுகிறது என்று கேட்டார். வீட்டில் என்ன அடுப்பு என்று ஆனந்தன் திருப்பிக் கேட்டார். கேஸ் அடுப்பு. ஒரு ஆளுக்கு விறகு எதற்கு? தேவயானி இருந்தபோது? விறகடுப்பு. தினம் காலையில் சாம்பலை அள்ளி எங்கே கொட்டுவாள்?

கொல்லையில்தான். வாழையடியில்தான். அவள் கூட்டித் தள்ளுகிறாள் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர் இவர்.

திருப்பத்தூர் உரக்கடையில் பொட்டாஷ் கிடைக்கும், சிவப்பு உப்பு மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டு ஆனந்தன் போனார். திருப்பத்தூருக்குப் போய்வருகிற ஷேர் ஜீப் ஒன்றுதான், சுரேஷுடையது. ராஜாக்கண்ணு சுரேஷிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் பொட்டலம் வந்தது. பிரித்தால் வெள்ளை.

"சிவப்பா இருக்கும்னாரே."

"இப்போ வெள்ளையாத்தான் வருதாம் மாமா. மாடல் மாத்திட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு சுரேஷ் ஜீப்பை எடுத்த வேகத்தில் ஒரு கோழி தப்பித்தது.

வைத்தார். பத்தே நாளில் வாழை கும்மென்று எழுந்தது. புது இலை ஒவ்வொன்றும் கோயில் கொடி மாதிரி. ராஜாக்கண்ணு இன்னொரு பொட்டலம் வாங்கிவரச் சொல்லி அதையும் வைத்தார். தேவயானியிடம் காட்டினார். அவள் முகத்தில் சந்தோஷத்தையே காணோம். "ஓ" என்றாள். அடுத்த வாரம் மலைக்காற்று கொஞ்சம் பலமாக வீசிற்று. கும்மென்று வந்த இலைகளில் மூன்று காம்பு மடிந்து தொங்கின. பழைய இலைகளில் கருகல் ஓரத்தைத் தாண்டி நடுநரம்பு வரைக்கும் வந்துவிட்டது.

அடுத்த முறை வந்த ஆனந்தன் பொட்டலத்தில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். இது யூரியா. சமைக்கிற ஆளை நாலு மடங்கு ஆக்கியிருக்கிறீர்கள், பரிமாற இன்னும் ஒருத்தரும் வரவில்லை என்றார். கடைப்பக்கமே போக வேண்டாம், வாழைக்கு ஒரு கூடை விறகுச் சாம்பல் போதும் என்றார். "உங்க ஊர்ல பதினேழு அடுப்பு எரியுதே ஐயா. சாம்பலுக்கா பஞ்சம்?"

பஞ்சம்தான் என்று அன்று மாலையே தெரிந்தது.

ராஜாக்கண்ணு காலிக்கூடையோடு முதலில் போனது சாந்தம்மாளிடம். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெள்ளியில் அடுப்புச் சாம்பல் வாசல் தாண்டினால் வீட்டு லட்சுமியும் கூடவே கிளம்பிவிடுவாள் என்றாள் சாந்தம்மாள். நியாயம்தான். புதன்கிழமை ஜெயம்மாள் வீட்டில் கேட்டார்.

"பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்கண்ணா. அப்பேர்ப்பட்ட நாள்ல சாம்பல வெளிய அனுப்புவாங்களா?"

வியாழக்கிழமை மூன்றாம் வீட்டில் பசு கன்று போட்டிருந்தது. கன்று எழுந்து துள்ளுகிற வரைக்கும் அடுப்பிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. வெள்ளி கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை சாம்பல் எடுத்தால் எடுத்தவனுக்கு ஆகாது என்று அவர் மேலேயே அக்கறையாகச் சொன்னார்கள். ஞாயிறு அமாவாசை. திங்கட்கிழமை தங்கவேலு வீட்டுக்குப் போனார். தங்கவேலு ஊர்ப் பெரியவர், சாமி காரியம் எல்லாம் அவர் கையில். சாமை விதைத்திருக்கிறோம், முளை காட்டுகிற வரைக்கும் சாம்பலைத் தொடுவதில்லை என்று அவர் வீட்டம்மா கதவைப் பாதி மூடிக்கொண்டே சொன்னாள்.

மறுபடியும் செவ்வாய் வந்துவிட்டது.

சாம்பலுக்கு இத்தனை சட்டம் இருப்பது ராஜாக்கண்ணுவுக்குத் தெரியாது. எந்த ஆம்பிளைக்குத் தெரியும்? முப்பது வருடம் வீட்டில் ஒருத்தி இத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டா அடுப்பை அள்ளினாள் என்று தேவயானி மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது. ஆறு மணிக்கு அவளிடமே சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொந்தமாகவே சாம்பல் செய்து பார்த்தார். நாலு சுள்ளியை எரித்து, பொறுமையில்லாமல் கங்கோடு கொண்டுபோய்க் கொட்டினதில் பக்கக்கன்று இரண்டு வெந்துபோயின. மொத்தத்தில் ஒரு கைப்பிடி சாம்பல்கூடத் தேறவில்லை.

ஆடி மாதம் அம்மனுக்குப் பொங்கல் வந்தது. கோயில் முன்னால் வரிசையாகக் கல் கூட்டி, பதினேழு வீட்டுப் பெண்களும் சாமைப் பொங்கல் வைத்தார்கள். பதினெட்டாவது வீட்டுக்கு அந்த வருஷம் அடுப்பு இல்லை. ராஜாக்கண்ணு கோயில் பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருத்தியும் ஒரு உருண்டை கொண்டுவந்து கொடுக்க, பதினேழு உருண்டையும் கையில் சேர்ந்துவிட்டது. தின்ன முடியவில்லை. மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அவர் கண்ணில் பட்டவை பதினேழு அடுப்பும் அவற்றில் கிடந்த சாம்பலும்தான். வெள்ளை வெளேரென்று, ஆறிப்போய், யாருடையதும் இல்லாமல்.

யாருடையதும் இல்லை என்பது அவர் கணக்கு. அது அம்மனுடையது, மூன்றாம் நாள் தண்ணீர் தெளித்த பிறகுதான் அடுப்பைக் கலைக்க வேண்டும் என்பது ஊர்க்கணக்கு. ஏழாவது அடுப்பில் பிடித்துவிட்டார்கள்.

அள்ளினதை அள்ளின இடத்திலேயே போடு என்றார் தங்கவேலு. ஏழு அடுப்புச் சாம்பலும் ஒரே கூடையில் கலந்து கிடந்தது. யாருடையது எது? என்னுடையது வெள்ளைச் சாம்பல், நான் எரித்தது புளியங்கட்டை என்றாள் ஜெயம்மாள். கரித்துண்டு இருப்பதெல்லாம் அவளுடையது, அவளுக்குத்தான் அடுப்பெரிக்கத் தெரியாது என்றாள் சாந்தம்மாள். அரை நாள் இந்தப் பஞ்சாயத்து ஓடியது. பழைய சண்டை நாலு வெளியே வந்தது. கடைசியில் எல்லோரும் களைத்துப்போய், குற்றமெல்லாம் ராஜாக்கண்ணுவுடையது என்று ஒற்றுமையாகத் தீர்மானித்தார்கள். தண்டனை: மறுநாள் அவரே கல் கூட்டி, தன் கையால் பொங்கல் வைத்து, ஊருக்கே போட வேண்டும்.

ராஜாக்கண்ணு தன் ஆயுசில் விறகடுப்பில் ஒரு வெந்நீர் வைத்ததில்லை. ஊரே சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. முதல் பானை அடிபிடித்தது. இரண்டாம் பானை பொங்குவதற்குப் பதிலாக அடுப்பில் கவிழ்ந்து நெருப்பை அணைத்தது. மூன்றாம் பானை பொங்குவதற்குள் காலையில் கொண்டுவந்து போட்ட விறகெல்லாம் தீர்ந்து, தங்கவேலுவின் தோட்டத்தில் விழுந்து கிடந்த பலாக்கிளையும் போனது. ஒரு வண்டி விறகுக்கு ஒரு பானைச் சோறு. கரண்டி எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஒருத்தியும் சொல்லித்தரவில்லை. பதினேழு வீடும் அதைத் தின்றுவிட்டு, உப்பு பற்றி மட்டும் கருத்துச் சொல்லாமல் எழுந்து போனது.

ஆனால் தண்டனை அடுப்பின் சாம்பலை அம்மன் வாங்கிக்கொள்வதில்லை. அது தண்டம் கட்டினவனுக்கே. இந்தச் சட்டத்தை யாரும் யோசிக்கவில்லை. இரண்டு கூடை நிறையச் சாம்பல். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக ராஜாக்கண்ணு தெருவின் நடுவில் நடந்து போனபோது சாந்தம்மாளும் ஜெயம்மாளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பொறாமை என்று நினைத்தார் அவர்.

இந்தத் தடவை ஆறவைத்தார். தண்டை விட்டு ஒரு முழம் தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மண் மூடி, தண்ணீர் விட்டார். கீழ் இலைகள் கருகினது கருகினதுதான். மேலே வந்தவை ஓரம் கலையாமல் வந்தன. ஆவணி போயிற்று. புரட்டாசி இரண்டாவது வாரம் காலையில் கொல்லைக்குப் போனவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார். உச்சியில் செம்பருத்தி நிறத்தில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. வாழைப்பூ.

நாலு சீப்புக்கு மேல் தேறாது போலிருந்தது. இருந்தாலும் குலை.

ஆறு மணி வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. அவராகவே கூப்பிட்டார். தேவயானி எடுத்ததும் போனை மேலே தூக்கிக் காட்டினார். இறக்கிப் பார்த்தால் திரையில் அவள் முகம் அசையாமல் அப்படியே நின்றிருந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று தண்டோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"குலையே தள்ளிடுச்சா" என்றாள்.

"தள்ளிடுச்சு."

"சரி, வர்றேன். சம்பந்தியம்மா இங்க வந்துக்கீறாங்க, கொழந்தைய அவங்க பாத்துக்குவாங்க."

குரலில் ஜெயித்தவள் தொனியும் இல்லை, தோற்றவள் தொனியும் இல்லை. களைத்த தொனி. பஸ் பயணத்தை நினைத்திருப்பாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வீட்டைக் கூட்டினார். கேஸ் அடுப்பை மூலைக்குத் தள்ளினார். கத்தரியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுரேஷின் ஜீப் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து தேவயானி இறங்கினாள். இளைத்திருந்தாள். நாலாவது மாடியில் உட்கார்ந்து தின்று பெருத்திருப்பாள் என்று பேசிக்கொண்டிருந்த ஊர் கொஞ்சம் ஏமாந்தது. அவள் நேரே கொல்லைக்குப் போய், வாழையை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தாள். காரியத்தைக் கெடுத்த சொந்தக்காரனைப் பார்க்கிற பார்வை அது. பிறகு ராஜாக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ கட்டை விரலால் துடைத்துவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனாள்.

ராஜாக்கண்ணு பெருமை தாங்காமல் ஜீப்புக்குத் திரும்பி வந்தார். பின்சீட்டிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்த சுரேஷிடம், பார்த்தாயா, ஆம்பிளை நான் தனியாக நின்று ஒரு வாழையைக் காப்பாற்றி, போன பொண்டாட்டியை மலைமேல் ஏற்றிவிட்டேன் என்றார்.

சுரேஷ் பையைக் கீழே வைத்தான். வீட்டுப்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"நான் யூரியா வாங்கியாந்ததும், ஊர்ல ஒரு வூட்லயும் உனக்கு ஒரு பிடி சாம்பல் குடுக்காததும் நம்ம தேவயானி அத்தை எல்லாருக்கும் போன் போட்டு அழுது சொன்னதாலதான் மாமா, அந்த வாழை செத்தா நீ மூட்டையக் கட்டிக்கினு அவங்ககிட்ட வந்துடுவியாம்."